கப்பலுக்குப் போன மூத்தவாப்பா: எஞ்சியிருக்கும் தாள்களிலிருந்து ஒரு வரலாற்றை மீட்பது எப்படி?

மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என அக்கரைப்பற்று வரை நீளும் எமது கரையோரத்தில், கடல் என்றாலே மீன்பிடிதான் என்று நினைப்பது வழக்கமாகிவிட்டது. வேளாண்மை, மீன்பிடி, நெசவு, வியாபாரம் என்று முன்னோரின் தொழில்களைப் பட்டியலிடும்போது, தூரதேசக் கப்பல்களில் சம்பளத்துக்கு வேலை செய்தவர்களை நாம் சேர்ப்பதில்லை. ஆனாலும் சில குடும்பங்களில் “மூத்தவாப்பாட வாப்பா கப்பலுக்குப் போனவர்” என்று ஒரு பேச்சு இருக்கும். சில வீடுகளில் அந்தப் பேச்சோடு ஒரு டிரங்குப் பெட்டியும் இருக்கும். அதற்குள் நீல அல்லது கறுப்பு அட்டை போட்ட சிறு புத்தகம், பெயர் பொறித்த வெண்கலப் பதக்கம், யாரும் வாசிக்க முடியாத ஒன்றிரண்டு கடிதங்கள் கிடக்கும்.

அப்படி ஒரு பெட்டி இன்னும் மிஞ்சியிருப்பதே பெரிய விடயம். 1978 நவம்பர் சூறாவளி, 1990களின் இடப்பெயர்வுகள், 2004 டிசம்பர் 26 சுனாமி ஆகியவற்றைத் தாண்டி எமது பகுதியில் தப்பிய கடதாசிகள் மிகக் குறைவு. தப்பியவற்றையும் கறையானும் உப்புக்காற்றும் தின்று கொண்டிருக்கின்றன. ஆகவே அப்படி ஒரு பெட்டி உங்கள் வீட்டில் இருந்தால், அதிலுள்ளதை எப்படி வாசிப்பது, வெளியில் எங்கே தேடுவது, எதை நம்புவது, எதை நம்பாமல் விடுவது என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

யார் இந்தக் கப்பற்காரர்கள்?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானிய வணிகக் கப்பல்களை ஓட்டியவர்களில் பெரும் பகுதியினர் ஆசியர். அவர்களை ‘லஸ்கர்’ என்று அழைத்தார்கள். படை என்று பொருள்படும் ‘லஷ்கர்’ என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. 1914இல் பிரித்தானிய வணிகக் கப்பல்களில் 50,000க்கும் அதிகமான லஸ்கர்கள் வேலை செய்தார்கள். அதாவது ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர். கொங்கணக் கரை, சில்ஹெட், பஞ்சாப் போன்ற இடங்களிலிருந்து வந்த முஸ்லிம்கள் இவர்களில் கணிசமானோர். ஐரோப்பிய மாலுமிக்குக் கிடைத்த சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரையே இவர்களுக்குக் கிடைத்தது. முதலாம் உலகப் போரில் 3,427 லஸ்கர்கள் உயிரிழந்தார்கள், 1,200 பேர் சிறைப்பட்டார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டும் கணக்கு.

எமது பக்கம் நிலைமை சற்று வேறு. 1875இல் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நடப்பட்ட பின்னர், கொழும்பு கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவே நிலக்கரி ஏற்றும் பெரிய துறைமுகமாக வளர்ந்தது. மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928இல்தான். அதற்கு முன்னர் கிழக்குக் கரைக்கும் கொழும்புக்கும் இடையே லேடி ஹெவ்லொக், லேடி கோர்டன் போன்ற நீராவிக் கப்பல்கள் தீவைச் சுற்றி ஓடின. பாய்மரத் தோணிகளும் ஓடின. எனவே கிழக்கிலிருந்து ஒருவர் கொழும்புத் துறைமுகத்தை அடைவதும், அங்கிருந்து உலகக் கப்பலொன்றில் ஏறுவதும் நடக்கக்கூடிய காரியமே. உங்கள் மூத்தவாப்பா உண்மையில் ஏறினாரா என்பதைத்தான் தாள் சொல்ல வேண்டும்.

முதலில் புத்தகத்தைத் திறவுங்கள்

பிரித்தானிய வணிகக் கப்பல்களில் 1900ஆம் ஆண்டிலிருந்து ‘தொடர் விடுவிப்புச் சான்றிதழ்’ என்ற புத்தகம் வழக்கத்துக்கு வந்தது. ஆங்கிலத்தில் ‘டிஸ்சார்ஜ் புக்’ என்பார்கள். ஒரு கப்பலில் சேர்ந்து இறங்கும் ஒவ்வொரு தடவையும் அதில் ஒரு வரி எழுதப்படும். அந்த ஒரு வரியிலேயே நிறைய விடயம் இருக்கின்றது.

கப்பலின் பெயர் முதலில் வரும். அதைவிட முக்கியமானது பக்கத்தில் உள்ள உத்தியோகபூர்வ இலக்கம். ஒரே பெயரில் பல கப்பல்கள் இருந்தன. ஒரே கப்பல் விற்கப்பட்டுப் பெயர் மாறியதும் உண்டு. ஆனால் பிரித்தானியப் பதிவிலுள்ள கப்பலின் இலக்கம் மாறாது. பெயரை மட்டும் வைத்துத் தேடுபவர் வேறொரு கப்பலின் கதையைத் தன் குடும்பக் கதையாக எழுதிவிடுவார். இலக்கத்தை வைத்துத் தேடுபவருக்கு அந்த ஆபத்து இல்லை.

அடுத்து, சேர்ந்த திகதியும் இடமும், இறங்கிய திகதியும் இடமும். இவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். இடையில் ஒரு வருட இடைவெளி இருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். ஊருக்கு வந்து நிக்காஹ் செய்திருக்கலாம். நோயில் கிடந்திருக்கலாம். வேறு நாட்டுக் கப்பலில் ஏறியிருக்கலாம். அந்த இடைவெளியைப் பிள்ளைகளின் பிறப்புத் திகதிகளோடு ஒப்பிட்டாலே பல கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும்.

மூன்றாவது, பதவி. இதை வாசிக்கச் சொற்கள் தெரிய வேண்டும். ‘சேராங்’ என்பவர் மேற்தளக் கூட்டத்தின் தலைவர்; ஆட்களைத் திரட்டுபவரும் பெரும்பாலும் அவரே. அவருக்கு அடுத்தவர் ‘டிண்டல்’. எமது கரைகளில் தோணித் தலைவரைக் குறிக்கும் ‘தண்டையல்’ என்ற சொல்லின் உறவுதான் இது. ‘சீகன்னி’ என்பவர் சுக்கான் பிடிப்பவர். ‘கஸாப்’ களஞ்சியக்காரர். இந்தப் பெயரைப் பார்த்து மூத்தவாப்பா இறைச்சிக்கடை வைத்திருந்தார் என்று நினைத்துவிடக் கூடாது. ‘பண்டாரி’ சமையற்காரர். ‘ஆக்வாலா’ கொதிகலனுக்கு நெருப்புப் போடுபவர். ‘கோய்லாவாலா’ நிலக்கரியை அள்ளிக் கொண்டுவந்து கொடுப்பவர். கப்பலின் அடிவயிற்றில், தாங்க முடியாத வெக்கையில் செய்யப்பட்ட வேலைகள் கடைசி இரண்டும்.

நான்காவது, நடத்தை பற்றிய முத்திரை. திறமைக்கு ஒன்று, நடத்தைக்கு ஒன்று. ‘வெரி குட்’ என்பது வழமையான முத்திரை. ஏறத்தாழ எல்லோருக்கும் அதுதான் கிடைத்தது. ஆகவே அதைப் பெரிய பட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘கருத்துக் கூற மறுக்கின்றேன்’ என்ற பொருளில் ஒரு முத்திரை இருந்தால் அதுதான் பாதகமானது. அடுத்த கப்பல் கிடைப்பதே கஷ்டமாகிவிடும். அப்படி ஒன்று உங்கள் புத்தகத்தில் இருந்தால் மறைக்காதீர்கள். கப்டனோடு முரண்பட்ட ஒருவரின் கதை அதற்குள் இருக்கலாம்.

பதக்கம், கடிதம், கிதாபின் கடைசிப் பக்கம்

போர்க்காலத்தில் ஆபத்தான கடற்பகுதியூடாகப் பயணம் செய்த வணிகக் கப்பல் ஊழியர்களுக்குப் பிரித்தானிய வர்த்தகச் சபை வெண்கலப் பதக்கம் ஒன்றை வழங்கியது. மொத்தம் 133,135 பதக்கங்கள். அதன் நாடா பச்சையும் சிவப்புமாக, நடுவில் மெல்லிய வெள்ளைக் கோட்டோடு இருக்கும். கப்பலின் வலப்பக்க, இடப்பக்க, பாய்மர விளக்குகளின் நிறங்கள் இவை. பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள். பெற்றவரின் பெயர் அங்கேதான் பொறிக்கப்பட்டிருக்கும். பெயர் தேய்ந்துவிடும் என்பதால் பளபளப்பாக்கும் பசை போட்டுத் தேய்க்கவே கூடாது.

கடிதங்கள் அரபுத்தமிழில் இருக்கலாம். அந்தக் காலத்தில் அரபெழுத்தில் தமிழ் எழுதுவது எமது மக்களிடம் சாதாரணம். ஓதத் தெரிந்த இன்றைய பிள்ளை எழுத்தைக் கூட்டி வாசிக்கும்; ஆனால் தமிழ் ஒலிகளுக்காக மாற்றிய எழுத்துகள் தெரியாததால் பொருள் பிடிபடாது. “இது ஏதோ துஆ” என்று மடித்து வைத்த தாள், சம்பளப் பணம் யார் கையில் கொடுத்தனுப்பப்பட்டது என்று சொல்லும் கடிதமாக இருக்கலாம். இதை வாசிக்கக்கூடிய முதிய ஆலிம்கள் குறைந்து வருகின்றார்கள். எல்லாவற்றுக்கும் முன்னர் அவர்களிடம் போவது நல்லது.

கிதாபுகளின் முன், பின் பக்கங்களையும் பாருங்கள். பிறப்பு, மவுத்து, பயணம் ஆகியவற்றை அங்கே குறித்து வைக்கும் பழக்கம் இருந்தது. திகதி ஹிஜ்ரியில் இருக்கும். ஹிஜ்ரி 1333 என்றிருந்தால் அதை 1914 என்றோ 1915 என்றோ கண்ணை மூடிக்கொண்டு எழுத முடியாது. அந்த ஆண்டு 1914 நவம்பர் 19 அளவில் தொடங்கி அடுத்த நவம்பரில் முடிகின்றது. மாதமும் தெரிந்தால்தான் ஆங்கில ஆண்டு உறுதியாகும்.

பெயர்தான் பெரிய சிக்கல்

வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். ‘மீராலெவ்வை’ என்ற ஒரே பெயர் மீரா லெப்பே, மிரலெவ்வே, மீரான் என்று பல வடிவம் எடுக்கும். முகம்மது என்பதற்கும் நாலைந்து எழுத்துக்கூட்டல்கள் உண்டு. தகப்பன் பெயர் முன்னால் வரும் எமது வழக்கம் அவர்களுக்குப் புரியவில்லை. அதனால் சில இடங்களில் வாப்பாவின் பெயரே ஆளின் பெயராகப் பதியப்பட்டது. அப்துல் காதர் என்பதில் ‘அப்துல்’ முதற்பெயராகவும் ‘காதர்’ குடும்பப் பெயராகவும் பிரிக்கப்பட்டது.

ஆகவே ஒரு பெயரை வைத்துத் தேட வேண்டாம். சாத்தியமான வடிவங்கள் எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக எழுதிக்கொள்ளுங்கள். அதோடு வயது, பிறந்த இடம், உடலடையாளம், புத்தக இலக்கம் ஆகியவற்றை வைத்துப் பொருத்துங்கள். பிறந்த இடம் ‘சிலோன்’ என்றோ ‘பட்டிகலோ’ என்றோ பொதுவாக இருக்கலாம். கல்முனைக்குடி என்றோ மாளிகைக்காடு என்றோ எழுத அந்த எழுத்தருக்குத் தெரிந்திருக்காது. குறைந்தது மூன்று விபரங்கள் ஒத்துப்போகும் வரை ‘இவர்தான்’ என்று முடிவு செய்யாதீர்கள்.

உள்ளூரில் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பிறப்பு, இறப்புப் பதிவுகள். மற்றது விவாகப் பதிவு. இலங்கையில் முஸ்லிம் விவாகங்களைப் பதிவதற்கான கட்டளைச் சட்டம் 1886இலேயே வந்துவிட்டது. 1929ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் 1951ஆம் ஆண்டின் சட்டமும் பின்னர் வந்தவை. பழைய கடுத்தத்தில் மாப்பிள்ளையின் பெயரும் வாப்பாவின் பெயரும் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று பார்த்தால், கப்பல் பதிவில் எந்த வடிவத்தைத் தேடுவது என்பது பிடிபடும். காணி உறுதிகளும் இதற்கு உதவும்.

வெளியில் எங்கே தேடுவது?

ஒவ்வொரு கப்பலும் பயணத்தின்போது ஊழியர் பட்டியல் வைத்திருந்தது. அந்தப் பட்டியல்கள் மூன்று இடங்களுக்குப் பிரிந்து போயிருக்கின்றன. 1863 முதல் 1938 வரையானவற்றில் சுமார் 70 வீதம் கனடாவின் நியூபவுண்ட்லாந்திலுள்ள மெமோரியல் பல்கலைக்கழகத்தின் கடல்சார் வரலாற்று ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 1905, 1915, 1925 என்று ஐந்தில் முடியும் ஆண்டுகளுக்கானவை லண்டன் கிரீனிச் தேசிய கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளன. பத்து வீத மாதிரி லண்டன் கியூவிலுள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளது. இவற்றுள் 1915ஆம் ஆண்டுப் பட்டியல், ஏழரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களோடு இணையத்தில் இலவசமாகத் தேடக்கூடியதாக இருக்கின்றது. கைப்பேசியிலேயே தொடங்கலாம்.

ஆட்களின் தனிப் பதிவு அட்டைகளும் உண்டு. 1913 முதல் 1918 வரையானவை அழிக்கப்பட்டுவிட்டன. ஆனால் 1918 முதல் 1921 வரையான ‘சீ.ஆர். 10’ அட்டைகள் எஞ்சியிருக்கின்றன. அவற்றின் சிறப்பு, அட்டையில் ஆளின் புகைப்படம் ஒட்டப்பட்டிருப்பதுதான். வீட்டில் ஒரு படமும் இல்லாத முன்னோரின் முகத்தை அங்கே காணும் வாய்ப்பு உண்டு. மூல அட்டைகள் சவுத்ஹாம்டன் நகர ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. போர்ப் பதக்க அட்டைகள் கியூவில் ‘பீ.டி. 351’ என்ற தொகுப்பிலும், 1891 முதல் கடலில் இறந்தோரின் பதிவேடுகள் ‘பீ.டி. 334’ என்ற தொகுப்பிலும் உள்ளன.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இலங்கை பிரித்தானிய இந்தியாவின் பகுதியாக இருக்கவில்லை; தனி முடிக்குரிய குடியேற்றமாக இருந்தது. ஆகவே இந்திய லஸ்கர்களைப் பற்றிய இந்திய அலுவலக ஆவணங்களில் மட்டும் தேடிவிட்டு “ஒன்றும் இல்லை” என்று திரும்பக் கூடாது. இலங்கைக் கடிதப் போக்குவரத்து, குடியேற்ற அலுவலகத்தின் ‘சீ.ஓ. 54’ தொகுப்பில் இருக்கின்றது. கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் அக்காலப் பத்திரிகைகளைப் பார்க்கலாம். எந்தக் கப்பல் எந்த நாளில் கொழும்புக்கு வந்தது, புறப்பட்டது என்பதைப் பத்திரிகைகள் பிரசுரித்தன. புத்தகத்திலுள்ள திகதியை அதோடு சரிபார்க்கலாம்.

பெயர் இல்லாவிட்டால்?

இவ்வளவும் தேடிய பிறகும் பெயர் கிடைக்காமல் போகலாம். லஸ்கர்கள் தனி ஒப்பந்தத்தில் பதியப்பட்டார்கள். அதனால் பல பட்டியல்களில் ஐரோப்பியர் பெயர் பெயராக வர, லஸ்கர்கள் எண்ணிக்கையாக மட்டுமே வருகின்றார்கள். 1915 டிசம்பர் 30இல் கிரேத்தா தீவுக்கு அப்பால் ‘பேர்சியா’ என்ற பயணிகள் கப்பல் மூழ்கடிக்கப்பட்டபோது 519 பேரில் 343 பேர் மாண்டார்கள். அவர்களில் லஸ்கர்கள் ஏராளம். முதற்போரில் மாண்ட இந்தியக் கடலோடிகள் 2,000க்கும் மேற்பட்டோர் பம்பாயிலுள்ள இந்தியக் கடலோடிகள் இல்லத்தில் நினைவுகூரப்படுகின்றார்கள். லண்டன் டவர் ஹில் நினைவுச் சின்னத்தை மட்டும் பார்த்துவிட்டு வருபவருக்கு அவர்கள் கண்ணில் படமாட்டார்கள்.

தாள் இல்லாதவர்கள் உயிரோடு இருந்தபோதும் துன்பப்பட்டார்கள். 1925இல் பிரித்தானியா ‘வெள்ளையரல்லாத அந்நியக் கடலோடிகள்’ மீது விசேட கட்டுப்பாட்டு ஆணை ஒன்றைக் கொண்டுவந்தது. தான் பிரித்தானியப் பிரஜை என்று தாள் மூலம் நிரூபிக்க முடியாத கறுப்பு, அரபு, ஆசியக் கடலோடிகள் அந்நியராகப் பொலிஸில் பதிய வேண்டி வந்தது. ஏடன், சோமாலியா, இந்தியா என்று பிரித்தானியக் கொடியின் கீழ் பிறந்தவர்களும் கார்டிஃப் போன்ற துறைமுகங்களில் இதில் அகப்பட்டார்கள். பல்லாண்டு சேவையைக் காட்டும் புத்தகம் கையில் இருந்தும் அது பிரஜாவுரிமைக்குச் சான்றாகவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் முன்னோர் இங்கே பிறந்ததற்கு ஆதாரம் கேட்டபோது மலையக மக்கள் பட்ட பாட்டை அறிந்த எமக்கு, ஒரு தாளின் பெறுமதியைப் புதிதாக விளக்கத் தேவையில்லை.

வாய்மொழியை எப்படி எடுப்பது?

தாள் முடியும் இடத்தில் வாய்மொழி தொடங்குகின்றது. அதைத் தள்ளவும் கூடாது, அப்படியே விழுங்கவும் கூடாது. ஹதீஸ்கலை எமக்குக் கற்றுத் தந்த முறை இங்கும் பொருந்தும். சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தார்களா என்று அறிவிப்பாளர் வரிசையை எழுதுங்கள். “பெரியம்மா சொன்னா, அவக்கு அவட உம்மா சொன்னா” என்பது ஒரு வரிசை. “ஊரில சொல்லுவாங்க” என்பது வரிசை அல்ல.

காலத்தை நிர்ணயிக்கப் பெரிய சம்பவங்கள் உதவும். “எம்டன் வந்த காலம்” என்று யாராவது சொன்னால், அது ஜேர்மன் போர்க்கப்பலான எம்டன் வங்காள விரிகுடாவையும் இந்து சமுத்திரத்தையும் கலக்கிய 1914 செப்டெம்பர் முதல் நவம்பர் 9 வரையான காலம். “கலகத்துக்கு முந்தி” என்றால் 1915 மே மாத இறுதியில் கண்டியில் தொடங்கிய கலவரத்துக்கு முன் என்று எடுக்கலாம். “ஜேர்மன்காரன் பிடித்து வைத்திருந்தான், அங்கே பள்ளிவாசலும் கட்டிக் கொடுத்தான்” என்று ஒரு கதை இருந்தால் அதைக் கட்டுக்கதை என்று ஒதுக்க வேண்டாம். பேர்லினுக்குத் தெற்கே வுன்ஸ்டோர்ஃப் என்ற இடத்தில் பிறைச்சந்திர முகாம் என்று ஒன்று உண்மையாகவே இருந்தது. முஸ்லிம் கைதிகளைத் தம் பக்கம் இழுப்பதற்காக 1915இல் அங்கே மரத்தாலான பள்ளிவாசலொன்றை ஜேர்மனியர் கட்டினார்கள். பிடிபட்ட இந்தியக் கடலோடிகளும் அங்கே இருந்தார்கள். அக்காலத்தில் ஜேர்மனியின் முகாம்களில் பதிவு செய்யப்பட்ட கைதிகளின் குரல்கள் இன்றும் பேர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலி ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

தானே எழுதி வைத்தவரின் வரலாறு எவ்வளவு நிறைவாக இருக்கும் என்பதற்கு ராவல்பிண்டிப் பகுதியைச் சேர்ந்த அமீர் ஹைதர் கான் உதாரணம். சிறுவயதில் பம்பாய்க்கு வந்து, 1914 அளவில் கப்பலேறி, 1918இல் அமெரிக்கக் கப்பல்களுக்கு மாறி, பின்னர் கம்யூனிஸ்டாகி 1930களின் தொடக்கத்தில் சென்னையில் இயங்கிச் சிறை சென்றவர். அவரது அரசியலை ஏற்காதவருக்கும் அவர் எழுதிய நினைவுகள் பயன்படும். கொதிகலன் அறையின் வெக்கையையும் சேராங்குக்குக் கொடுக்க வேண்டிய இலஞ்சத்தையும் எந்த டிஸ்சார்ஜ் புத்தகமும் சொல்லாது.

எமது தீவிலேயே வல்வெட்டித்துறையின் ‘அன்னபூரணி’ இருக்கின்றது. அங்கே கட்டப்பட்ட அந்தப் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கிப் பெயர் மாற்ற, தண்டையல் தம்பிப்பிள்ளையும் ஊரவர் நால்வரும் அதை அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை ஓட்டிச் சென்று 1938 ஆகஸ்ட் முதலாம் திகதி சேர்த்தார்கள். அந்தப் பயணம் இன்றும் திகதியோடு பேசப்படுவதற்குக் காரணம், போய்ச் சேர்ந்த இடத்துப் பத்திரிகைகள் எழுதியதும், ஊரவர் அதை விடாமல் பேணியதும்தான்.

நாம் செய்ய வேண்டியது

சில்ஹெட் கடலோடிகளின் வாய்மொழிகளைக் கரோலின் அடம்ஸ் என்பவர் திரட்டி 1987இல் நூலாக்கினார். அவர் பேசிய முதியவர்களிடம் பத்து வருடம் பிந்திப் போயிருந்தால் அந்த நூல் வந்திருக்காது. எமது பகுதியில் நேரடியாகக் கண்டவர்கள் எவரும் இப்போது இல்லை. கண்டவர்களிடம் கேட்டவர்களே மிஞ்சியிருக்கின்றார்கள். அவர்களுக்கும் எண்பது வயது தாண்டிவிட்டது.

எனவே வீட்டில் செய்ய வேண்டியவை: தாளை லமினேற் செய்யாதீர்கள், அடையாள அட்டைக்குச் செய்வதைப் பழைய தாளுக்குச் செய்தால் அதை மீட்கவே முடியாது. ஒட்டும் டேப் போடாதீர்கள். பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், எழுத்தில்லாத பக்கங்களும் அட்டையும் உட்பட எல்லாவற்றையும் படமெடுங்கள். பிரதிகளை ஒரு வீட்டுக்கு மேல் வையுங்கள். சுனாமி கற்பித்த பாடம் இது. மூலத்தை யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள்.

ஊரில் செய்ய வேண்டியவை: பள்ளிவாசல் நிருவாக சபைகள் பழைய ஜனாஸா, விவாகப் பதிவேடுகளைப் படமெடுத்து வைக்கலாம். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. வரலாறும் அரபும் படிக்கும் மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான களப்பணி வேறில்லை. 2005 முதல் தமிழ் பேசும் மக்களின் ஆவணங்களை எண்ணிமப்படுத்தும் நூலகம் நிறுவனத்திடமும் பிரதிகளைச் சேர்க்கலாம். காரைதீவின் தமிழ்க் குடும்பங்களையும் இதில் அழைக்க வேண்டும். சுவாமி விபுலானந்தர் பிறந்த அந்த ஊரும் எமது ஊர்களும் ஒரே கரையில்தான் இருக்கின்றன. ஒரே கப்பலில் போனவர்களின் தாள்கள் இரு பக்கத்து வீடுகளிலும் கிடக்கலாம்.

இந்த நாட்டில் எமது வேர்களைப் பற்றிக் கேள்வி எழும்போதெல்லாம் நாம் உணர்ச்சியோடு பதில் சொல்கின்றோம். ஆதாரத்தோடு சொல்வது குறைவு. கடலில் மவுத்தாகிக் கபுறும் இல்லாமல் போனவர்களுக்கு, பெயர் சொல்லி ஒரு துஆ கேட்பதற்காவது அந்தப் பெயர் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வீட்டிலுள்ள மூத்தவரிடம் உட்கார்ந்து, “கப்பலுக்குப் போனவர் யாராவது நம்மட ஆக்கள்ல இருக்காங்களா?” என்று கேளுங்கள். கேட்டதை அன்றைக்கே எழுதி, திகதியும் போட்டு வையுங்கள்.